ஒரே காற்றுக்கு இரண்டு அளவுகள்: எதை நம்புவது? ஆய்வு விமானங்கள் சொல்லும் பாடம்

அம்பாங்கான் – புகைமூட்டக் காலம் தொடங்கிவிட்டால் சிரம்பான் வட்டாரக் குடும்பங்களின் புலனக் குழுக்களில் ஒரு வாக்குவாதம் தவறாமல் வந்துவிடும். ஒருவர் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் ஐபியு, அதாவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை அனுப்புவார். அடுத்த நிமிடம் இன்னொருவர் தம் கைப்பேசிச் செயலியில் வந்த எண்ணைப் போடுவார். இரண்டும் ஒத்துப்போகாது. "அரசாங்கம் மறைக்கிறது" என்பார் ஒருவர். "செயலி பயமுறுத்துகிறது" என்பார் மற்றவர்.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. ஐபியு 100-ஐத் தாண்டினால் பள்ளிகளில் திடல் நடவடிக்கைகள் நிறுத்தப்படுகின்றன. 200-ஐத் தாண்டினால் பள்ளியையே மூட வேண்டிய நிலை வருகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளையை வெளியே அனுப்பலாமா, செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் அப்பா இன்று வேலைக்குப் போகலாமா என்ற முடிவுகளெல்லாம் ஓர் எண்ணைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. ஆகவே அந்த எண் எப்படிப் பிறக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

இந்தக் கேள்வியை உலகில் மிகக் கறாராகக் கேட்டுப் பார்த்தவர்கள், பறக்கும் விமானத்தில் இருந்தபடி காற்றை அளக்கும் ஆய்வாளர்கள். நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களின் காற்றைப் பற்றிய முக்கியமான எச்சரிக்கை ஒன்றும் அப்படிப்பட்ட ஓர் ஆய்வில் இருந்துதான் வந்தது.

எண்கள் ஏன் மாறுகின்றன?

முதல் காரணம் எளிது: இரண்டு எண்களும் ஒரே பொருளை எண்ணவில்லை. மலேசியாவின் ஐபியு கணக்கில் பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள்கள் 2018 ஆகஸ்டு மாதம்தான் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பு சற்றுப் பெரிய பிஎம் 10 துகள்களே கணக்கில் இருந்தன. சிங்கப்பூரோ 2014 ஏப்ரல் 1 முதலே பிஎம் 2.5-ஐத் தன் குறியீட்டில் சேர்த்துவிட்டது. 2015-ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தின்போது ஜொகூர் எண்ணையும் சிங்கப்பூர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. புகை ஒன்றுதான்; கணக்கு வேறு.

நேரமும் ஒரு காரணம். துகள்களுக்கான ஐபியு 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சில செயலிகள் கடந்த சில மணி நேரத்துக்குக் கூடுதல் எடை கொடுக்கின்றன, அமெரிக்க அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. காலையில் திடீரெனப் புகை சூழ்ந்தால் செயலி உடனே ஏறும். ஐபியு மெதுவாக ஏறும். இதில் எதுவும் பொய்யில்லை.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு வேறுபாடு மிஞ்சும். அது கருவியின் வேறுபாடு. ஒரே காற்றை, ஒரே நிமிடத்தில், ஒரே பொருளுக்காக அளந்தாலும் இரண்டு கருவிகள் இரண்டு எண்களைத் தரலாம். விமான ஆய்வாளர்கள் போராடுவது இதனோடுதான்.

பறந்தபடி அளப்பது ஏன் கடினம்?

தரையில் உள்ள நிலையம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை மட்டுமே அறியும். காட்டுக்கு மேலே, தோட்டத்துக்கு மேலே, புகை நகரும் உயரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க விமானம் வேண்டும். ஆனால் விமானம் தான் அளக்கும் காற்றையே கலைத்துவிடுகிறது.

வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். ஆய்வு விமானம் நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் வந்து மோதும் காற்று உணரியின் முன்னால் நின்றுபோகும்போது அமுங்கிச் சூடாகிறது. சுமார் 5 பாகை செல்சியஸ் கூடுதலாகக் காட்டும். வேகம் இரட்டிப்பானால் இந்தப் பிழை நான்கு மடங்காகி 20 பாகையாகும். இதைக் கணக்கிட்டுக் கழித்தால்தான் உண்மை வெப்பநிலை கிடைக்கும்.

காற்றின் வேகம் இன்னும் சிக்கலானது. விமானம் தரையைப் பொறுத்து எவ்வளவு வேகத்தில் போகிறது, காற்றைப் பொறுத்து எவ்வளவு வேகத்தில் போகிறது என்று இரண்டையும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசம்தான் நமக்குத் தேவை. 100 மீட்டரில் ஒரு விழுக்காடு தவறினால் பிழை 1 மீட்டர். அன்று வீசும் காற்றே நொடிக்கு 3 மீட்டர்தான் என்றால், மூன்றில் ஒரு பங்கு தவறாகிவிடும்.

துகள்களுக்கு வேறொரு தொல்லை. விமானத்தின் உறிஞ்சுகுழாய் வளைவில் சிறு துகள்கள் காற்றோடு திரும்பிவிடும். கனமான துகள்கள் திரும்ப முடியாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்போல் ஈரப்பதம் மிகுந்த காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். விமானத்துக்குள் சூடான குழாயில் வரும்போது உலர்ந்து சுருங்கிவிடும். உள்ளே அளக்கப்படும் துகள் வெளியே இருந்த அதே துகள் அல்ல.

கடைசியாக, நேரம். நொடிக்கு 100 மீட்டர் என்றால் பத்து நொடியில் ஒரு கிலோமீட்டர். ஓர் அளவு எடுக்க ஒரு கருவிக்கு அரை நிமிடம் தேவைப்பட்டால், அந்த எண் மூன்று கிலோமீட்டர் தூரத்தின் சராசரி. காடும் தோட்டமும் சந்திக்கும் எல்லை அதில் கரைந்துபோகும்.

பால் ஸ்டோர் கணக்கு

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. பால் மரம் வெட்டிக் கொண்டுவரும் வாளியை ஸ்டோரில் நிறுத்தால் மட்டும் போதாது. அதில் தண்ணீர் எவ்வளவு, உலர் ரப்பர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்கிப் பார்ப்பார்கள். உடனே விடை கிடைக்கும். ஆனால் அது பாலின் அடர்த்தியை வைத்துச் சொல்லும் தோராயக் கணக்கு. துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் சிறிதளவு பாலை எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, உலர்த்தி, எடை பார்க்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும். ஒவ்வொரு வாளிக்கும் செய்ய முடியாது.

ஆய்வு விமானத்திலும் இதே இரண்டு வழிகள் உண்டு. மரங்கள் வெளியிடும் வாயுக்களை நொடிக்கணக்கில் அளக்கும் வேகமான கருவி ஒன்று. காற்றை எஃகுக் குப்பியில் அடைத்துக் கீழே கொண்டுவந்து, ஆய்வகத்தில் வாயு வாயுவாகப் பிரித்து அளக்கும் மெதுவான முறை இன்னொன்று. வேகமான கருவி ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தரும். குப்பிகள் சில பத்துப் புள்ளிகளையே தரும். குப்பி நிரம்பிய அதே நிமிடங்களில் வேகமான கருவி என்ன காட்டியது என்று ஒப்பிட்டுப் பார்த்து, அதன் போக்கைச் சரிபார்ப்பார்கள். மெட்ரோலேக் எண்ணை உலர்த்திய எடையோடு ஒப்பிடுவது போலத்தான்.

இறக்கையோடு இறக்கை

ஒரே விமானத்தில் உள்ள இரண்டு கருவிகளை ஒப்பிடலாம். வெவ்வேறு நாடுகளின் விமானங்களை எப்படி ஒப்பிடுவது? 2004-ஆம் ஆண்டு கோடையில் வட அமெரிக்காவில் இருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பா வரை செல்லும் மாசுக் காற்றைத் தொடர்ந்து அளக்க, ஐகார்ட் என்ற பெரிய பன்னாட்டு ஆய்வு நடந்தது. நாசாவின் டிசி-8, அமெரிக்கக் கடல், வளிமண்டல நிருவாகமான நோவாவின் டபிள்யூபி-3டி, பிரிட்டனின் பிஏஇ-146, ஜெர்மனியின் ஃபால்கன் ஆகிய விமானங்கள் அதில் பங்குகொண்டன.

எல்லாத் தரவையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டுமானால் இந்த விமானங்கள் ஒரே மொழியில் பேச வேண்டும். அதற்காகச் சில பயணங்களில் இரண்டு விமானங்களைப் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரத்தில், ஒரே காற்றுக்குள் பறக்கவிட்டார்கள். பின்னர் ஒரு விமானத்தின் எண்களை இன்னொரு விமானத்தின் எண்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். இத்தகைய ஒப்பீடுகளை ஆராயவே நாசா ஒரு மதிப்பீட்டுக் குழுவையும் அமைத்தது.

ஒப்பீட்டில் இரண்டு விதமான பிழைகளைத் தேடுவார்கள். ஒன்று சிதறல்: எண் சில நேரம் கூடும், சில நேரம் குறையும். பல அளவுகளைச் சராசரி எடுத்தால் இது அடங்கிவிடும். இன்னொன்று சாய்வு: கருவி எப்போதும் ஒரே பக்கம் தவறும். தராசின் முள்ளே நகர்ந்திருப்பது போல. ஆயிரம் முறை நிறுத்தாலும் இது மறையாது. இரண்டில் ஆபத்தானது சாய்வுதான், ஏனென்றால் அது ஒழுங்கான எண்ணின் தோற்றத்தில் வரும்.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். ஒரு விமானம் ஓசோன் 40 என்று சொல்லி, பிழை கூடியோ குறைந்தோ 2 என்கிறது. பக்கத்து விமானம் 46 என்று சொல்லி, அதே 2 என்கிறது. முதலாவதன் உண்மை 38-க்கும் 42-க்கும் இடையில் இருக்க வேண்டும். இரண்டாவதன் உண்மை 44-க்கும் 48-க்கும் இடையில். இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை. அப்படியானால் குறைந்தது ஒருவராவது தம் பிழையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். தனியாகப் பறந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது.

இரண்டு கருவிகளும் ஒத்துப்போனால் மட்டும் போதுமா? போதாது. ஒரே படிக்கல்லை வைத்துச் சரிபார்த்த இரண்டு தராசுகள், அந்தப் படிக்கல்லே தவறாக இருந்தால் ஒன்றாகவே தவறும். அதனால்தான் ஓசோன் கருவிகளை ஒரு பொதுத் தர ஒளிமானியோடும், மற்ற வாயுக் கருவிகளை அளவு தெரிந்த வாயு உருளைகளோடும் ஒப்பிடுகிறார்கள். வெவ்வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டு கருவிகள் ஒத்துப்போகும்போதுதான் நம்பிக்கை உண்மையில் கூடுகிறது.

சபா வானில் 2008

ஐகார்டில் பங்குகொண்ட அதே பிரிட்டிஷ் பிஏஇ-146 விமானம் 2008 ஜூலையில் சபாவுக்கு வந்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் நிக் ஹெவிட் தலைமையிலான ஓபி3 என்ற அந்த ஆய்வில் சபா மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்குகொண்டனர். டானும் பள்ளத்தாக்கின் மழைக்காட்டில் உள்ள புக்கிட் அத்தூர் நிலையத்திலும், ஒரு செம்பனைத் தோட்டத்திலும் தரைக் கருவிகள் அளந்தன. விமானம் காட்டின் மேலும் தோட்டத்தின் மேலும் பறந்து அளந்தது.

முக்கியமாகத் தேடப்பட்ட பொருள் ஐசோப்ரீன். இது இலைகள் வெயிலில் வெளியிடும் வாயு. நம் ரப்பர் பாலில் உள்ள ரப்பரே ஐசோப்ரீன் அலகுகள் சங்கிலியாகக் கோத்து உருவானதுதான். ஆனால் ரப்பர் மரத்தின் இலைகள் ஐசோப்ரீனைக் காற்றில் அதிகம் விடுவதில்லை. அவை விடுவது பெரும்பாலும் வேறு வகை வாயுக்கள். செம்பனையோ ஐசோப்ரீனைத் தாராளமாக வெளியிடும் மரம். நெகிரி செம்பிலானில் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நின்றபோது, கண்ணுக்குத் தெரியும் நிழல் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத காற்றும் மாறியது.

ஐசோப்ரீன் தனியாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. வாகனப் புகையில் இருந்தும் தழைச்சத்து உரமிட்ட மண்ணில் இருந்தும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு அது வெயிலில் சேரும்போது, தரைமட்ட ஓசோன் உருவாகிறது. அது நுரையீரலைப் பாதிக்கும், பயிர் விளைச்சலையும் குறைக்கும்.

2009-இல் வெளியான முடிவுகளில் மூன்று செய்திகள் இருந்தன. ஒன்று, செம்பனைத் தோட்டம் மழைக்காட்டைவிட அதிக ஐசோப்ரீன் போன்ற வாயுக்களையும் அதிக நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வெளியிடுகிறது. இரண்டு, ஆனாலும் அப்போது காட்டின் மேலிருந்த ஓசோனுக்கும் தோட்டத்தின் மேலிருந்த ஓசோனுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்று, போர்னியோவில் நைட்ரஜன் ஆக்சைடுகள் வட அமெரிக்க, ஐரோப்பிய நாட்டுப்புறங்களின் அளவுக்கு உயர்ந்தால், ஓசோன் 100 பிபிபி வரை, அதாவது நூறு கோடியில் 100 பங்கு வரை எட்டும். மலேசியாவின் ஒரு மணி நேரத் தரநிலை 180 மைக்ரோகிராம். அது ஏறக்குறைய 90 பிபிபி.

இந்த மூன்று செய்திகளும் ஒரே தரத்தவை அல்ல. முதலாவது அளவீடு, காட்டுக்கும் தோட்டத்துக்கும் இருந்த வேறுபாடு கருவிப் பிழையைவிடப் பெரியது. இரண்டாவதும் அளவீடுதான், ஆனால் "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்பதற்கு, வேறுபாடு இருந்தாலும் அது பிழை வரம்புக்குள் அடங்கிவிட்டது என்றே பொருள். பயணிகள் விமானங்களில் 1994 முதல் பொருத்தப்பட்டுவரும் ஓசோன் கருவிகளின் பிழை, 2 பிபிபியும் அளவில் 2 விழுக்காடும் சேர்ந்தது. 20 பிபிபி ஓசோன் உள்ள காற்றில் அது சுமார் 2.4 பிபிபி. இத்தகைய கருவி ஓரிடத்தில் 20, இன்னோரிடத்தில் 22 என்று காட்டினால் அதை வேறுபாடு என்று அறிவிப்பது நேர்மையல்ல. மூன்றாவது செய்தி அளவீடே அல்ல, கணினி மாதிரியின் கணிப்பு. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, நடந்துவிட்டதாகப் பேசக் கூடாது.

கருவியே ஏமாற்றும்போது

வேகமான ஐசோப்ரீன் கருவி, வாயுவின் மூலக்கூற்று எடையை வைத்து அதை அடையாளம் காண்கிறது. ஐசோப்ரீனின் எடை 68. காடோ குப்பையோ எரியும்போது வரும் ஃபூரான் என்ற வாயுவின் எடையும் 68. எடையை முழு எண்ணாக மட்டும் பிரித்தறியும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். புகைமூட்ட நாளில் பறந்தால், புகையை மரத்தின் மூச்சு என்று அது சொல்லிவிடலாம். குப்பியில் அடைத்துப் பிரித்துப் பார்க்கும் மெதுவான முறை இங்கேதான் கைகொடுக்கிறது.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. காற்றைத் தூய்மைப்படுத்தும் ஹைட்ராக்சில் என்ற மிகக் குறைந்த ஆயுள் கொண்ட பொருளை 2005-இல் தென் அமெரிக்காவின் சுரிநாம் பகுதிக் காட்டின் மேல் விமானத்தில் அளந்தபோது, கணினி மாதிரிகள் சொன்னதைவிட மிக அதிகமாக இருந்தது. சபாவின் ஆய்விலும் மாதிரிகள் குறைவாகவே சொல்லின. வேதியியலில் எதையோ தவறவிட்டோம் என்று பல விளக்கங்கள் எழுந்தன. 2012-இல் வெளியான கலிஃபோர்னியா காட்டு ஆய்வு ஒன்று, ஒரே இடத்தில் புதிய முறையிலும் அளந்து பார்த்தது. பழைய முறை காட்டியதில் சுமார் பாதிதான் புதிய முறையில் கிடைத்தது. மீதி, கருவிக்குள்ளேயே உருவானது. எல்லாக் கருவிகளுக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. விடுபட்ட வேதியியலும் உண்மையில் இருந்தது. ஆனால் எவ்வளவு காற்றுடையது, எவ்வளவு கருவியுடையது என்று கேட்காமல் இனி யாரும் அந்த எண்ணைப் பயன்படுத்துவதில்லை.

நமக்கு இதில் என்ன?

சபாவில் 2008-இல் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவு. நம் வட்டாரமோ வேறு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை சிரம்பானை ஒட்டிச் செல்கிறது. ஒரு பக்கம் நீலாய் தொழிற்பேட்டைகள், அதற்கு அப்பால் கிள்ளான் பள்ளத்தாக்கு. செம்பனையின் ஐசோப்ரீனும் வாகனங்களின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சந்திக்க இங்கே வாய்ப்பு அதிகம். சபாவின் எண்ணை அப்படியே எடுத்து இங்கே ஒட்டுவது சரியாகாது. அதே கேள்வியை இங்கும் அளந்து பார்க்க வேண்டும் என்பதே சரியான முடிவு.

வானத்தில் இருந்து நம்மைப் பார்க்கும் கண்களும் கூடிவருகின்றன. 2020 பிப்ரவரியில் ஏவப்பட்ட தென்கொரியாவின் ஜெம்ஸ் துணைக்கோள், ஆசியாவின் மேல் நைட்ரஜன் டையாக்சைடு போன்ற மாசுகளைப் பகல் நேரத்தில் மணிக்கு மணி பார்க்கிறது. துணைக்கோள் நேரடியாகக் காற்றைத் தொடுவதில்லை. திரும்பி வரும் ஒளியை வைத்துக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க, 2024-இன் தொடக்கத்தில் நாசாவின் டிசி-8 பிலிப்பீன்ஸ், தென்கொரியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பறந்து அளந்தது. பல பத்தாண்டுகள் உழைத்த அந்த விமானத்தின் கடைசி ஆய்வுப் பணி அதுதான். நாளை நம் செயலியில் வரப்போகும் எண்ணின் நம்பகத்தன்மையில் இப்படிப்பட்ட ஒப்பீட்டுப் பயணங்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்த முறை இரண்டு எண்கள் மோதும்போது, யார் பொய் சொல்கிறார் என்று கேட்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா? ஒரே நேர அளவின் சராசரியா? எந்த அளவுகோல்? அளந்த கருவியை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத எண்ணை, வீட்டு வாசலில் மாட்டிய மலிவான உணரியுடையதானாலும் சரி, ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபியு 98-க்கும் 102-க்கும் இடையில் காற்றில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 100 என்பது நிருவாகம் முடிவெடுக்க வைத்த கோடு. நுரையீரலுக்கு அந்தக் கோடு தெரியாது. முதியவர்களும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் இருக்கும் வீட்டில், எண் 100-ஐத் தொடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. எண் ஏறிக்கொண்டே போனால் சன்னலைச் சாத்துங்கள், முகக்கவரியை எடுத்து வையுங்கள், மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.